நெஞ்சொடு கிளத்தலும் கேட்போர் மரபும்: அகப்பாடல்களில் தன்னொடு பேசுதலும் பிறரொடு பேசுதலும்

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் தம்முள் நிகழ்த்தும் உரையாடலையும் பிறரோடு நிகழ்த்தும் உரையாடலையும் இருவேறு துறைகளாகப் பிரித்துக் காண்பது தொடர்பாடலியலின் வழக்கம். தொல்காப்பியச் செய்யுளியல் இவ்விரண்டையும் கூற்று, கேட்போர் என்னும் ஒரே சட்டகத்துள் வைக்கிறது. நெஞ்சும் அதில் ஒரு கேட்போராகவே எண்ணப்படுகிறது. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, திருக்குறள் ஆகியவற்றிலிருந்து தேர்ந்த சில இடங்களைக் கொண்டு அச்சட்டகம் இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அகமரபில் நெஞ்சொடு பேசுதல், பிறரிடம் சொல்ல இடமில்லாத சொல்லுக்கு இடம் தரும் ஒரு சமூக ஏற்பாடு என்பதும், அப்பேச்சு பல இடங்களில் பிறர் செவியில் விழுவதற்காகவே அமைக்கப்பட்டது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கூற்று, கேட்போர், முன்னம், நெஞ்சொடு கிளத்தல், சிறைப்புறம், உள்மொழி.

முன்னுரை

சிந்தித்தல் என்பது உயிர் தன்னோடு தானே ஒலியின்றி நடத்தும் உரையாடல் என்னும் கருத்து பிளேட்டோவின் தியாட்டீட்டசு, சோபிச்டு ஆகிய உரையாடல்களில் காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்து பல துறைகளில் புதிய வடிவம் பெற்றது. 1951இல் யூர்கன் ரூயிசு, கிரகரி பேட்சன் ஆகிய இருவரும் எழுதிய நூல் தொடர்பாடலை நான்கு நிலைகளாகப் பகுத்தது: தனியொருவருக்குள் நிகழ்வது, இருவரிடையே நிகழ்வது, குழுவில் நிகழ்வது, பண்பாட்டளவில் நிகழ்வது. பின்வந்த பாடநூல்கள் இப்பகுப்பினை ஏற்று, ஒவ்வொரு நிலையையும் தனித்தனி இயலாக விரித்தன. கற்பித்தலுக்கு இது வசதியானது. ஆயினும் ஒருவர் தம்முள் பேசுவது பிறரோடு பேசமுடியாமையிலிருந்து எவ்வாறு பிறக்கிறது என்னும் வினா இப்பகுப்பில் விடுபட்டுப் போகிறது.

அகப்பாடல்களின் அடிப்படை அந்த வினாவே. அகத்திணைப் பாடல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் கூறும் பேச்சு. புலவன் தன் குரலில் கதை சொல்வதில்லை. ஆகவே யார் கூறுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்பொழுது, எதன்பொருட்டு என்பன தெளியாதவரை பாடலின் பொருள் தெளிவதில்லை. இந்தத் தேவையே தொல்காப்பியரைப் பேச்சின் சூழல் பற்றிய நுட்பமான கோட்பாடு ஒன்றுக்கு இட்டுச்சென்றது எனலாம்.

செய்யுளுறுப்புகளுள் பேச்சின் இலக்கணம்

செய்யுளியல் கூறும் உறுப்புகள் 34. மாத்திரை, அசை, சீர், அடி, தொடை முதலியன ஒலியமைப்பைச் சார்ந்தவை. அவற்றோடு ஒரே நிரலில் திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், பொருள், துறை என்பனவும் இடம்பெறுகின்றன. கேட்பவரை யாப்பின் உறுப்பாக எண்ணியிருப்பது கருதத்தக்கது. தளை தட்டினால் செய்யுள் குறைபடுவது போலவே, கேட்பவர் இல்லையெனினும் செய்யுள் குறைபடும் என்பது இதன் உட்கிடை.

கூற்றுக்கு உரியோர் யாவர் என்பதைத் தொல்காப்பியர் வரையறுக்கிறார். களவில் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்னும் அறுவர். கற்பில் இவர்களோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர்ந்து பன்னிருவர். ஊரார், அயலார், சேரியோர், தந்தை, தமையன் முதலியோர் தாமே பேசுவதில்லை. அவர்தம் பேச்சைப் பிறர் எடுத்துக்கூறுதலே மரபு. ஊர் அலர் தூற்றுகிறது என்பதைத் தலைவியோ தோழியோ சொல்லித்தான் அறிகிறோம். அலர் நேராக ஒலிப்பதில்லை. தலைவியின் வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கும் தந்தையும் தமையனும் பாடலுக்குள் வாய்திறவாமல் இருப்பது, அதிகாரம் பேசவேண்டிய தேவையில்லாதது என்பதைக் காட்டுகிறது போலும்.

கேட்போர் பற்றிய விதிகள் இன்னும் கூர்மையானவை. பார்ப்பாரும் அறிவரும் கூறுவதை எவரும் கேட்கலாம். பரத்தையும் வாயில்களும் கூறுவதோ தலைவியைச் சுட்டி அமைய வேண்டும். அவ்வாறு அமையாத கூற்றால் பயனில்லை என்பது விதி. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஆம் பாடல் இதற்குத் தக்க சான்று. தன்னைத் தலைவி பழித்தாள் எனக் கேள்வியுற்ற பரத்தை, தலைவியின் தோழியர் கேட்கும்படி பேசுகிறாள். தன் வீட்டில் பெரும்பேச்சுப் பேசிய தலைவன் அவனுடைய வீட்டுக்குச் சென்றதும் மனைவிக்கு முன் கண்ணாடிப் பாவைபோல் ஆடுகிறான் என்பது அவள் ஏளனம். சொல் சென்றுசேர வேண்டிய இடம் தலைவியின் செவி. அது செல்லும் வழி தோழியரின் செவி. தலைவி அங்கு இல்லை, எனினும் பாடலின் ஒவ்வொரு சொல்லும் அவளை நோக்கியே எறியப்படுகிறது.

இவற்றையெல்லாம் இணைப்பது முன்னம் என்னும் உறுப்பு. இன்ன இடத்தில் இன்ன சொல் இன்னார் இன்னாரிடம் கூறுதற்கு உரியது என்று, சொல்லைக் கொண்டே கேட்போர் உய்த்துணருமாறு அமைப்பது முன்னம். அதற்கு முன் நிற்கும் எச்சமோ சொல்லப்படாது எஞ்சியதைக் குறிக்கிறது. கூறுவோர், கேட்போர், சூழல், செய்தி முதலிய ஆறு கூறுகளை ரோமன் யாக்கோப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் முன்வைத்தார். அவற்றோடு செய்யுளியல் உறுப்புகளை ஒப்பிடும் வழக்கம் தமிழாய்வில் உண்டு. அவ்வொப்பீட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. யாக்கோப்சனின் சட்டகம் எல்லா மொழிச்செயலையும் விளக்க முனைவது. தொல்காப்பியருடையது புலனெறி வழக்கினுள் எது பொருந்தும், எது பொருந்தாது என வரையறுப்பது. ஒன்று விளக்கம், மற்றொன்று உரிமைப்பட்டியல். யார் யாரிடம் பேசலாம் என்னும் உரிமையைப் பேசுவதனாலேயே பின்னது சமூகத்திற்கு நெருக்கமானதாக அமைகிறது.

கேட்பன போல்வன

கேட்போர் வரிசையின் இறுதியில் தொல்காப்பியர் எதிர்பாராத ஒரு வாயிலைத் திறக்கிறார். ஞாயிறு, திங்கள், அறிவு, நாண், கடல், கானல், விலங்கு, மரம், தனிமையுறும் பொழுது, புள், நெஞ்சு ஆகிய பதினொன்றும் இவை போல்வன பிறவும் சொல்லுவன போலவும் கேட்பன போலவும் வைத்துச் செய்யுள் செய்யலாம் என்பது அவர் கூற்று. ஞாயிற்றில் தொடங்கும் பட்டியல் நெஞ்சில் வந்து முடிகிறது. நடுவே அறிவும் நாணும் கடலுக்கும் கானலுக்கும் பக்கத்தில் நிற்கின்றன. ஒருவரின் அகத்தே உள்ளவையும் புறத்தே உள்ளவையும் ஒரே வகையாக எண்ணப்பட்டுள்ளன என்பது இங்கு முதன்மையானது. நெஞ்சு, கடலைப் போலவே பேசுவோனுக்கு எதிரே நிற்கும் ஒரு முன்னிலைப்பொருள். கடலும் நெஞ்சைப் போலவே அவனுக்குள் நிகழும் ஒன்று.

இச்சூத்திரத்தின் உயிர் ‘போல’ என்னும் உவம உருபில் உள்ளது. மரபியலோடு சேர்த்துப் படிக்கும்போது அது இன்னும் விளங்கும். உயிர்களை அறிவுவகையால் பகுக்கும் மரபியல், நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையனவாகக் கூறுகிறது. உற்றறிதல், சுவைத்தறிதல், மோந்தறிதல், கண்டறிதல் ஆகிய நான்கோடு அவை நிற்கின்றன. செவியறிவு ஐந்தாவது, அது அவற்றுக்கு இல்லை. ஆனால் குறுந்தொகை 2ஆம் பாடலில் தலைவன் தன் வினாவைத் தும்பியிடமே எழுப்புகிறான். அகநானூறு 170ஆம் பாடலில் தலைவி, கானலும் கழியும் புன்னையும் தனக்காகப் பேசமாட்டா எனக் கூறி, தன் துயரைத் தலைவனிடம் சென்று சொல்லுமாறு நண்டினை வேண்டுகிறாள். இலக்கணத்தின் கணக்குப்படி இரண்டுமே செவியற்றவை. செவியில்லாத உயிர் தெரிந்தெடுக்கப்பட்டது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பேச்சின் தேவை கேட்பவரின் திறனைப் பொறுத்ததன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அம்மூவனாரின் குறுந்தொகை 163ஆம் பாடல் இந்நெறியை மேலும் ஒருபடி திருப்புகிறது. அங்கே கடல் துயரை ஏற்கும் செவியாக இல்லை. துயருற்ற ஒன்றாகவே இருக்கிறது. நள்ளிரவிலும் அதன் ஒலி ஓயவில்லை. உன்னை வருத்தியவர் யார் என்று அதனைக் கேட்கிறாள் தலைவி. தன்னிடம் எவரும் கேட்காத கேள்வியை அவள் பிறிதொன்றிடம் கேட்கிறாள். தன்னொடு பேசுதலும் பிறரொடு பேசுதலும் பிரிக்கமுடியாமல் கலந்து நிற்கும் இடம் இது.

மறுத்துரைக்கும் நெஞ்சு

பதினொன்றனுள் நெஞ்சுக்குத் தனிச்சிறப்பு உண்டு. பொருளியல் நெஞ்சினை மட்டும் எடுத்து விரிக்கிறது. நோயும் இன்பமும் ஆகிய இருநிலையிலும் நெஞ்சை உறுப்புடையது போலவும், உணர்வுடையது போலவும், மறுத்துப் பேசுவது போலவும் வைத்துக் கூறலாம் என்கிறது. மூன்றாவது தன்மையே உரையாடலை உண்டாக்குவது. கைகாலும் உணர்ச்சியும் மட்டும் உடையதாயின் நெஞ்சு வெறும் உருவகம். மறுத்துரைக்கும்போதுதான் அது எதிர்த்தரப்பாகிறது.

அம்மறுப்பின் முழுவடிவம் நற்றிணை 284. பொருள்தேடிப் பிரிந்த தலைவன் இடைவழியில் நிற்கிறான். அவன் நெஞ்சு, தலைவியின் துயர்தீர்க்கத் திரும்புவோம் என்கிறது. அறிவோ, எடுத்த வினையை முடிக்காது விடுதல் அறியாமையும் இழிவும் ஆகும் என்று கூறிச் சற்றே பொறுக்கச் சொல்கிறது. இரண்டின் பேச்சையும் தலைவன் எடுத்துரைக்கிறான். தன் பேச்சாக அவன் சொல்வது இறுதியில் வரும் ஒரு கவலை மட்டுமே. இரண்டு களிறுகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போலத் தன் உடம்பு அழிந்துவிடுமோ என்பது அது. இந்த உவமையாலேயே பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் பெற்றார். அவருடைய இயற்பெயர் மறைந்துபோயிற்று.

தனியொருவருக்குள் நிகழும் உரையாடலுக்கு இப்பாடலை எடுத்துக்காட்டுவோர் பொதுவாக நெஞ்சு, அறிவு என்னும் இருதரப்பை மட்டும் கூறி அமைவர். உண்மையில் அங்கே மூன்று உண்டு. மூன்றாவது, பேசாத உடம்பு. நெஞ்சும் அறிவும் தத்தம் கட்சியை எடுத்துரைக்க, ‘நான்’ என்று சொல்லத்தக்கவன் எக்கட்சியிலும் இல்லை. இழுபடும் உடம்புக்கு உரியவனாக மட்டுமே எஞ்சுகிறான். ‘நான்’ என்பதையும், பிறர் பார்வையை ஏற்றுக்கொண்ட ‘என்னை’ என்பதையும் தன்னிலையின் இருமுகங்களாகப் பிரித்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடின் கருத்து, அவர் மறைந்தபின் 1934இல் நூலாக வந்தது. இழிவு நேரும் என்று எச்சரிக்கும் அறிவின் குரலில், ஊரின் பார்வை உள்ளே வந்து குடியிருப்பதைக் காணலாம். அவ்வகையில் மீடின் பகுப்பு இப்பாடலுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் இழுக்கப்படுவதால் நைந்துபோகும் கயிறு அப்பகுப்பில் இல்லை.

நெஞ்சிடம் பேசுவோர் சங்கப்பாடல்களில் பெரும்பாலும் தலைவராகவே இருப்பதற்கும் காரணம் தேடலாம். தலைவிக்குத் தோழி உண்டு. அகவுலகில் தோழி எப்பொழுதும் அருகிருக்கும் செவி. தலைவனுக்குப் பாங்கன் உண்டெனினும் பாலைவழியில் உடனிருந்து கேட்பவன் என எவனும் பாடப்படுவதில்லை. இரவுக்குறியில் மறுக்கப்பட்டுத் திரும்பும்போதும் அவன் தனியன். கேட்பவர் இல்லாத இடத்தை நெஞ்சு நிரப்புகிறது.

ஔவையாரின் குறுந்தொகை 29 இதனை வெளிப்படையாகவே சொல்கிறது. இரவுக்குறி மறுக்கப்பட்ட தலைவன் தன் நெஞ்சைக் கடிகிறான். பெய்யும் மழைநீரை ஏற்ற சுடாத மட்கலம் போலத் தாங்கவியலாத வெள்ளத்தில் நீந்தி, கிடைத்தற்கரியதை நீ விரும்பினாய் என்கிறான். அதன்பின் வருவதே பாடலின் திருப்பம். உயர்ந்த கிளையில் குட்டியைத் தழுவிய மந்தியைப்போல, உன்னை அகமுறத் தழுவிக் குறைகேட்பார் கிடைத்தால் உன் போராட்டம் பெருமையுடையதாகும் என்கிறான். நெஞ்சின் துயருக்குத் தீர்வாக அவன் வேண்டுவது முதலில் தலைவியின் உடலை அன்று, கேட்பவரின் தழுவலை. நெஞ்சிடம் பேசும் பேச்சே நெஞ்சுக்குக் கேட்பவர் இல்லை என்னும் முறையீடாகிவிடுகிறது.

மட்கல உவமை களவியலிலும் வேறொரு வகையில் வருவது ஒப்புநோக்கத்தக்கது. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லுதல் மரபன்று. எனினும் அது அவன் அறியுமாறு வெளிப்படும் என்பர். புதுக்கலத்தில் பெய்த நீர் புறத்தே பொசிவது போல என உரையாசிரியர் விளக்குவர். தலைவிக்குச் சொல்லத் தடை, ஆகவே கசிகிறது. தலைவனுக்குச் சொல்லத் தடையில்லை, கேட்பார் இல்லை. ஆகவே கலமே கரைகிறது.

செவிமடுக்கும் மூன்றாமவர்

தனக்குள் பேசுவது யாருக்கும் கேட்காது என்பது பொதுவான எண்ணம். அகப்பாடல் அதனை ஏற்பதில்லை. மாமூலனாரின் குறுந்தொகை 11ஆம் பாடலில் தலைவி தன் நெஞ்சை விளித்து, உறக்கமில்லாக் கண்களோடு இங்கே கிடந்தது போதும், எழுக என்கிறாள். தலைவர் கட்டி என்பானின் நாட்டுக்கும் அப்பால் மொழி வேறுபடும் நிலத்தில் இருந்தாலும் அங்கே செல்வோம் என்கிறாள். சொற்படி இது நெஞ்சுக்குச் சொன்னது. கூற்றுக்குறிப்போ, தலைவி நெஞ்சிற்குச் சொல்பவளைப் போலத் தோழி கேட்கும்படி சொன்னதாகக் குறிக்கிறது.

இந்த ஒரு குறிப்பால் பாடல் மாறிவிடுகிறது. குறிப்பின்றிப் படித்தால் அது தனிமையில் எடுத்த ஒரு துணிவு. குறிப்போடு படித்தால் தோழிக்கு விடுத்த அறிவிப்பு: இனியும் ஆற்றியிரு என்று என்னிடம் கூறாதே, நான் புறப்படவும் துணிந்துவிட்டேன். தோழியிடம் நேரே சொன்னால் அவள் தடுப்பாள், வாதம் நிகழும். நெஞ்சிடம் சொன்னதைத் தடுக்க அவளுக்கு வழியில்லை. கேட்க மட்டுமே முடியும். மறுமொழிக்கு இடம் கொடாத பேச்சு அது.

கூற்றுக்குறிப்புகள் பாடிய புலவர் எழுதியவை அல்ல, பின்வந்தோர் சேர்த்தவை என்பது ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் கருத்து. அதனால் அவற்றைத் தள்ளிவிட்டுப் பாடலை மட்டும் படிக்கவேண்டும் என்னும் வாதம் உண்டு. அது முழுவதும் ஏற்கத்தக்கதன்று. குறிப்பு பின்னெழுந்ததாயினும், பாடலைக் கேட்ட தொன்மையான படிப்பாளர் ஒருவர் முன்னம் என்னும் உறுப்பினைக் கொண்டு சூழலை எவ்வாறு ஊகித்தார் என்பதன் ஆவணம் அது. வேறு சூழலை ஊகிக்கும் உரிமை இன்றைய படிப்பாளருக்கும் உண்டு. எந்தச் சூழலையும் ஊகிக்காமல் படிக்கும் உரிமையை மட்டும் அகப்பாடல் தருவதில்லை.

நெஞ்சுக்குச் சொல்லித் தோழிக்குக் கேட்பித்தலின் மறுபுறம் சிறைப்புறம். தலைவன் வேலிக்குப் புறத்தே மறைந்து நிற்க, தோழி தலைவியிடம் பேசுவாள். காவல் கடுமையாயிற்று, வெறியாட்டுக்கு ஏற்பாடு நடக்கிறது, தினைப்புனம் காக்கும் நாள் முடிந்தது என்பன போன்ற செய்திகள் தலைவிக்குப் புதியன அல்ல. அவளும் அவ்வீட்டில்தானே இருக்கிறாள். அறிந்ததை அறிந்தவளிடம் சொல்வதற்குக் காரணம் வேலிக்கு அப்பாலுள்ள செவி. விரைந்து மணந்துகொள் என்று தலைவனிடம் நேரே கூறுவது நாணுக்கும் பெருமைக்கும் குறை. அவன் தானாகக் கேட்டறிந்ததாக அமைந்தால் இருவர் பெருமையும் குறையாது. முன்னிற்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசும் முன்னிலைப் புறமொழியும் இத்தகைய மற்றோர் உத்தி. ஊடலுற்ற தலைவி, எதிரே நிற்கும் கணவனை அவன் அங்கு இல்லாதவன் போலப் பேசுவதை இன்றைய வீடுகளிலும் கேட்கலாம்; இதற்கு இலக்கணப்பயிற்சி தேவைப்படுவதில்லை.

எர்விங் காஃப்மன் 1981இல் வெளியிட்ட பேச்சு வடிவங்கள் பற்றிய நூலில், ‘கேட்பவர்’ என்னும் ஒற்றைச்சொல் போதாது எனக் காட்டினார். விளிக்கப்பட்டவர், விளிக்கப்படாத உடனிருப்போர், தற்செயலாகச் செவியுறுவோர், மறைந்து ஒட்டுக்கேட்போர் எனப் பலரை அவர் பிரித்தார். சிறைப்புறத் தலைவன் மறைந்து கேட்பவன்; ஆனால் அவன் கேட்பதைப் பேசுவோர் அறிவர். பல பாடல்களில் அவர்கள் அறிவதை அவனும் அறிவான் என்றே கொள்ளவேண்டியுள்ளது. தெரிந்தே நடக்கும் இந்த ஒட்டுக்கேட்டல் காஃப்மனின் வகைகளுள் எதிலும் எளிதில் அடங்குவதில்லை.

உள்மொழியும் கேட்கப்படும் மயக்கமும்

குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே பேசுவதைப் பியாழே 1923இல் தன்மையப்பேச்சு என்று விளக்கினார். பிறர் நிலையை உணராத பருவத்தின் அடையாளம் அது என்பதும், வளர வளர மறைந்துவிடும் என்பதும் அவர் கருத்து. வைகோட்ஸ்கி இதனை மறுத்தார். அவர் மறைந்த 1934ஆம் ஆண்டில் வெளிவந்த, சிந்தனையும் பேச்சும் பற்றிய நூலில், அப்பேச்சு மறைவதில்லை, உள்ளே சென்று உள்மொழியாகிறது என்றார். முதலில் இருவரிடையே நிகழ்ந்ததே பின்னர் ஒருவருக்குள் நிகழ்கிறது என்பது அவர் கொள்கை.

அவர் விவரிக்கும் சோதனைகளுள் ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. தனக்குத்தானே பேசும் குழந்தையைக் காதுகேளாத குழந்தைகளிடையேயோ, வேற்றுமொழிக் குழந்தைகளிடையேயோ அமர்த்தியபோது அப்பேச்சு பெரிதும் குறைந்தது. எவரையும் நோக்காததாகத் தோன்றிய பேச்சுக்குக்கூடத் தன்னைப் பிறர் புரிந்துகொள்கின்றனர் என்னும் மயக்கம் தேவைப்பட்டது. தொல்காப்பியர் ‘கேட்பன போல’ என்றதை இதனோடு வைத்துக் காணலாம். நண்டுக்குச் செவியில்லை என்பது தலைவிக்குத் தெரியும். எனினும் கேட்பது போல என்னும் அந்த மெல்லிய பாவனை இல்லாமல் அவளால் பேச முடிவதில்லை.

வேறுபாடும் உண்டு. வைகோட்ஸ்கி காட்டும் உள்மொழி சுருங்கியது; எழுவாய் உதிர்ந்து பயனிலை மட்டும் நிற்பது. தான் எதைப்பற்றி எண்ணுகிறோம் என்பது தனக்குத் தெரியுமாதலால் அதைச் சொல்லவேண்டியதில்லை. நெஞ்சொடு கிளத்தலோ அடையும் உவமையும் விரிந்த முழுப்பேச்சு. உள்மொழியை அப்படியே பதிவுசெய்ததாக அகப்பாடலைக் கொள்ளமுடியாது; உள்மொழியைப் பிறர் கேட்கும்படி மீண்டும் வெளிமொழியாக விரித்தது அது. அண்மைக்கால உளவியலில், மிசிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராசும் உடனாய்வாளரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் தம்மை ‘நான்’ என்னாது பெயராலோ முன்னிலையாலோ விளித்துச் சிந்திக்கும்போது மனக்கொந்தளிப்பைக் கையாளுதல் எளிதாகிறது எனக் கண்டது. ‘நெஞ்சே’ என்னும் விளி இத்தகைய இடைவெளியை உண்டாக்குவதாகக் கூற மனம் விழையும். ஆயினும் பாடல்களின் சான்று அவ்வளவு எளிதன்று. விளிக்கப்பட்ட நெஞ்சு பெரும்பாலும் அடங்குவதில்லை. ஔவையாரின் தலைவன் பேசி முடிக்கும்போதும் ஆறுதலடைந்தவனாகத் தெரியவில்லை.

திருக்குறளில் நெஞ்சு

வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தது போலவே நெஞ்சுக்கும் இரண்டு வைத்தார். 125ஆவது நெஞ்சொடு கிளத்தல். 130ஆவது நெஞ்சொடு புலத்தல். சங்கப்பாடல்களில் பெரிதும் தலைவனுக்கு உரியதாயிருந்த நெஞ்சுப்பேச்சு முந்தைய அதிகாரத்தில் முழுவதும் தலைவியின் பேச்சாகிறது. தனக்கு வேறு பற்றுக்கோடு காணாத தலைவி செய்வதறியாது தன் நெஞ்சொடு சொல்லுதல் எனப் பரிமேலழகர் இதனை விளக்குவார். தோழி என்னும் செவி இருந்தும் போதாத நிலை அது.

அவ்வதிகாரத்தில் அவள் நெஞ்சிடம் மருந்து கேட்கிறாள். அவரிடம் போவதானால் இந்தக் கண்களையும் உடன்கொண்டு போ, காணவேண்டும் என்று இவை என்னைத் தின்கின்றன என்கிறாள். காமத்தையாவது நாணத்தையாவது விட்டுவிடு, இரண்டையும் நான் தாங்கேன் என்கிறாள். காதலர் உள்ளத்திற்குள்ளேயே இருக்க, நீ யாரைத் தேடி எங்கே போகிறாய் என்றும் கேட்கிறாள். பிறர் என்பவர் வெளியே இல்லை, நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறார் என்றால் நெஞ்சொடு பேசுவதும் அவரொடு பேசுவதும் ஒன்றாகிவிடும். அந்த வாதத்தை நெஞ்சு ஏற்கவில்லை என்பதை அதிகாரத்தின் அமைப்பே காட்டுகிறது. அது போய்க்கொண்டேதான் இருக்கிறது.

நெஞ்சொடு புலத்தலில் பிரிவு முடிந்து தலைவன் வந்துவிட்டான். இனி நெஞ்சிடம் பேசவேண்டிய தேவை இல்லை எனலாம். ஆனால் அங்கேதான் பூசல் முற்றுகிறது. அவர் நெஞ்சு அவர் பக்கமே நிற்பதைக் கண்டும், என் நெஞ்சே, நீ ஏன் என் பக்கம் நிற்கவில்லை என்பது முதற்குறளின் வினா. ஊடவேண்டும் என்று அவள் நினைக்க, கூடவேண்டும் என்று அது அவனிடம் ஓடுகிறது. துன்பத்தில் தன் நெஞ்சே துணையாகாதபோது வேறு யார் துணையாவார் என்று கேட்டு, தம் நெஞ்சே உறவாகாதவர்க்கு அயலார் உறவாகாதது வியப்பன்று என்று அதிகாரம் நிற்கிறது. அடுத்து வருவது புலவி. அங்கே பேச்சு தலைவனை நோக்கித் திரும்புகிறது.